விளக்கு வைத்தவருக்கே கடை

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வாடகைச் சீட்டு, ஒப்பந்தம் என்று ஒன்றும் கிடையாது. நாகர்கோவிலில் யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நான் அந்தத் தெருவில் தையற்கடை வைத்து மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவள். எந்த அறையில் யார் இருந்தார், அவருக்குப் பிறகு யார் வந்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்தத் தெரு ஒன்றுசேர்ந்து என்னை வெளியே தள்ளியது என்பதற்காக எனக்கு எதுவும் மறந்துபோகவில்லை.

சுசீந்திரத்துக்கும் மயிலாடிக்கும் நடுவில், வயலைத் தாண்டியதும் வருகிற ஊர். பஸ் நிற்கிற இடத்திலிருந்து குளத்தங்கரை வரைக்கும் நீளமாக ஒரே கட்டடம், அதில் பக்கத்துப் பக்கத்தில் அறைகள். அதற்கு 'வரிசை' என்று பெயர். கட்டியவர்கள் என்றைக்கோ திருவனந்தபுரத்தில் போய்க் குடியேறிவிட்டார்கள். அவர்களுடைய காரியஸ்தர் மாதம் ஒரு தடவை வந்து, டீக்கடையில் உட்கார்ந்து, அறை அறையாக வாடகை வாங்கிக்கொண்டு போவார். ஒரு அறைக்கு யாரிடம் வாங்குவது? அந்தியில் அந்த அறையில் யார் விளக்கு வைக்கிறாரோ அவரிடம். அதுதான் எங்கள் தெருச் சட்டம்.

அது எப்படி வந்தது என்று எனக்குச் சொன்னவர் டீக்கடைக்காரரின் அப்பா. முன்னொரு காலத்தில் பம்புசெட் ரிப்பேர் செய்கிற ஒருவர், ஊரிலுள்ள மோட்டாரையெல்லாம் வாங்கி அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டார். பூட்டை உடைப்பதா வேண்டாமா என்று பஞ்சாயத்து நீண்டுகொண்டே போனது, வயல் காய்ந்தது. அன்றைக்கு இருந்த காரியஸ்தருக்கு ஆத்திரம் வந்துவிட்டதாம். "பூட்டு தொங்குனா அது கடை இல்லவே. அந்திக்கு வெளக்கு எரிஞ்சாத்தான் கடை. எவன் வெளக்கு வைக்கானோ அவன்ட்டதான் நான் வாடக வாங்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அப்படியே நிலைத்துவிட்டது.

சட்டம் என்றால் அதற்குள் நெளிவு சுளிவு இருக்கத்தானே செய்யும்? ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மகள் பிரசவம். கடைக்கு வரமுடியாத நாளில் பக்கத்துக் கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்தால் போதும், அவர் திறந்து தன்னுடைய தீப்பெட்டியால் விளக்கேற்றி வைத்துவிட்டுப் பூட்டிக்கொள்வார். கடையை ஒரேயடியாக விட்டுவிட்டுப் போகிறவர் மட்டும்தான் தன் தீப்பெட்டியை அடுத்து வருகிறவர் கையில் கொடுப்பார், நாலுபேர் பார்க்கக் கொடுப்பார். சாவி கொடுத்தால் 'பார்த்துக்கொள்.' தீப்பெட்டி கொடுத்தால் 'எடுத்துக்கொள்.' வரிசைக்கு வருகிற யாருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள். விளக்கு எந்தச் சாமிக்கு என்று யாரும் பார்த்ததில்லை. அரிசிக்கடைக்காரர் அய்யாவழி, கண்ணாடிக்கு முன்னால் ஏற்றுவார். மருந்துக்கடைக்காரர் வேதக்காரர், அவர் டியூப்லைட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லுவார். அதுவும் விளக்குத்தான்.

இப்படித் தீப்பெட்டி கைமாறிக் கைமாறித்தான் அந்தத் தெரு மாறியது. முதல் அறை கொல்லருடையது. நம்மூர் அரிவாள் மட்டுமல்ல, மயிலாடிக் கல்வேலைக்காரர்களின் உளியும் அங்கேதான் காய்ச்சி அடித்துக் கூர் ஏறும். அவர் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவருக்குக் கொடுத்தார். சைக்கிள்காரர் தன் மருமகனுக்குக் கொடுத்தார், மருமகன் கண்ணாடிக் கூண்டு போட்டு எஸ்.டி.டி. பூத் வைத்தார். இப்போது அங்கே செல்போன் உறையும் ஆதார் நகலும். நாலாவது அறையில் கொப்பரை வியாபாரம், பிறகு வீடியோ கேசட், பிறகு மருந்துக்கடை. டீக்கடை மட்டும் என்றைக்கும் டீக்கடைதான், சாயங்காலம் வாசலில் ஷவர்மா சுற்றுகிறதே தவிர. இராஜாக்கமங்கலத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவர்கள் கூரையும் இல்லாமல் விளக்கும் இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள், கேட்டால் அவர்கள்தான் எல்லோருக்கும் மூத்தவர்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. கொல்லரின் கரிப்புகையில் என் கல்யாணச் சேலை ஓரம் கறுத்ததுதான் மிச்சம். பூத் கண்ணாடிக்குள் நின்று துபாய்க்குப் பேசிப் பேசி அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அந்தப் பெண்களின் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே அப்பா முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள், நல்லதுதானே? தையலும் ஒன்றும் படுத்துவிடவில்லை. ரெடிமேடு வந்தால் தையல்காரி பிச்சை எடுப்பாள் என்றார்கள். பிளவுஸுக்குக் கழுத்து டிசைனும் ஆரி வேலையும் வந்து, மார்கழித் தேரோட்டச் சமயத்தில் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

என் அறையில் எனக்கு முன்னால் குடையும் பூட்டும் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருந்தார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் மார்த்தாண்டத்தில் மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்தபோது, ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. "பிள்ள, ஊசி பிடிச்ச கை சும்மா இருக்காது. நீ வச்சு நடத்து" என்று தீப்பெட்டியை என் கையில் வைத்தார். என் புருஷன் அப்போது பஸ் கண்டக்டர். "பொம்பள கடத்தெருவுல இருக்கவா?" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் அசையவில்லை. பிறகு அவரும் பழகிவிட்டார், டூட்டி முடிந்து வரும்போது வாசலில் நின்று "வாறியா?" என்று கேட்பார். உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை.

பக்கத்து அறை ஃபேன்ஸி ஸ்டோர். அதை நடத்துகிறவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், என் புருஷனை அத்தான் என்பாள். அவளிடம் லைனிங், லேஸ், ஹூக், பட்டன். என்னிடம் தையல். அவளிடம் வருகிறவள் என்னிடம் வந்தாக வேண்டும், என்னிடம் வருகிறவள் அவளிடம் போயாக வேண்டும். ஒரே சோற்றுப்பொதியை இரண்டுபேரும் பிரித்துத் தின்றிருக்கிறோம். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது மாதக்கணக்கில் அவள் கடைக்கு நான்தான் விளக்கு வைத்தேன், விளக்கு மட்டுமா, வளையலும் விற்றேன். டீக்கடைக்காரர் சபரிமலைக்குப் போனால் நான். மருந்துக்கடைக்காரர் மகன் கல்யாணத்துக்குப் பெங்களூர் போனபோதும் நான்தான் லைட்டைப் போட்டேன், எனக்கு ஜெபம் தெரியாது என்று சும்மா கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நின்றேன். அதைச் சொல்லிச் சொல்லி அவர் எத்தனை நாள் சிரித்தார்!

என் புருஷன் ரிட்டையராகி வீட்டில் இருந்த காலம். ஒரு காலை, கத்தரிக்கோல் கையில், மேஜைமேல் யாருடைய பட்டோ விரிந்து கிடக்கிறது. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரரின் கார் வரிசைக்கு முன்னால் வந்து கிறீச்சென்று நின்றது. பின்சீட்டில் என் புருஷன் வாய் கோணிச் சாய்ந்து கிடந்தார். குளிக்கப் போனவர் குளிமுறியில் விழுந்துவிட்டார், ஒரு பக்கம் அசையவில்லை. எனக்குக் கண் இருட்டிவிட்டது. சாமிப்படத்துக்குக் கீழே பலகையில் சாவி இருந்தது. அள்ளினேன். அள்ளியதைப் பக்கத்துக் கடைக்காரி கையில் திணித்தேன். "வெளக்கு வச்சிரு மக்கா" என்று கத்திவிட்டுக் காரில் ஏறினேன். அள்ளியதில் சாவியோடு தீப்பெட்டியும் இருந்திருக்கிறது. சத்தியமாக எனக்குத் தெரியாது.

நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் எண்ணெய் தடவல், பிசியோதெரபி. கழுத்தளவு வேலை, கடைத்தெருப் பக்கம் எட்டிப்பார்க்க நேரமில்லை. தூக்கி உட்கார வைக்கவேண்டும், ஊட்டவேண்டும், துடைக்கவேண்டும். மகள் மஸ்கட்டில் இருக்கிறாள், ஒரு மாதம் வந்து நின்றுவிட்டுப் போனாள். பிறகு நானும் அவரும் மட்டும்தான். நான் முகம் சுளித்ததில்லை. சுளித்தேன் என்று அவரே சொல்லமாட்டார். அத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரே பிடிமானம் அந்திக்கு வருகிற போன்தான். "வெளக்கு வச்சாச்சு அக்கா." அவ்வளவுதான் சொல்லுவாள். எனக்குக் காது குளிர்ந்துவிடும். இன்னும் கடை இருக்கிறது, நான் திரும்பிப் போவேன், மிஷினில் உட்காருவேன் என்று நினைத்துக்கொண்டுதான் அடுத்த நாளைத் தள்ளினேன்.

அவருக்குப் பேச்சு முதலில் வந்தது, பிறகு கால். கம்பை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார் என்றால் அது டாக்டரின் கெட்டிக்காரத்தனம் பாதி, என் முதுகெலும்பு பாதி. பக்கத்துக் கடைக்காரி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவாள். நான் அடுக்களையில் சாயா போடும்போது அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். மனுஷனுக்குப் பேச ஒரு ஆள் ஆச்சே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு சாயாவையும் சூடாக நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. அவர் தானே எழுந்து, தானே பல்தேய்த்துக் காப்பி குடித்தார். இனி அரைநாள் கடைக்குப் போகலாம், மதியம் வந்து சோறு போடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொன்னேன். "இன்னிக்கு வேண்டாம்" என்றார். "என்னைக்கும் வேண்டாம்னுதான் சொல்லுவிய" என்று சிரித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். தலை குளித்து, நல்ல சேலை கட்டி, பிச்சிப்பூ வைத்துக்கொண்டுதான் போனேன். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி போனேன், என் கூத்தைப் பாருங்கள்.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் முதலில் எனக்கு இடம் தப்பிவிட்டதோ என்றுதான் தோன்றியது. என் கடை வாசலில் கண்ணாடிக் கதவு. உள்ளே பளபளவென்று விளக்கு. ஃபேன்ஸி ஸ்டோருக்கும் எனக்கும் நடுவிலிருந்த சுவரைக் காணோம். இரண்டு அறையும் ஒன்றாகிவிட்டது. என் கட்டிங் மேஜை இருந்த இடத்தில் கவரிங் நகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மூலையில் முன்பின் தெரியாத ஒருத்தி என் மிஷினில் உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். என் மிஷின்! அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?

"ஏட்டி" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

பக்கத்துக் கடைக்காரி, இனி அவளைப் பக்கத்துக் கடைக்காரி என்று எப்படிச் சொல்லுவது, கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். முகத்தில் ரத்தமில்லை. "உள்ள வாங்க அக்கா, இருங்க" என்றாள்.

"எனக்க கடைக்குள்ள என்னைய வாங்கன்னு கூப்பிட நீ யாருட்டி? செவரு எங்க?"

"அக்கா, நீங்கதான தீப்பெட்டிய தந்திய."

நான் தந்தேனா? அப்போதுதான் எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது, பலகையிலிருந்து அள்ளியது ஞாபகம் வந்தது. தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்டேன். "புருஷன் செத்தானா பெழச்சானான்னு தெரியாம ஓடுனவ கையில என்ன இருந்ததுன்னா பாத்துக்கிட்டு இருப்பா? உனக்குத் தெரியாதா? அப்ப அந்திக்கு அந்திக்கு போன் பண்ணி வெளக்கு வச்சாச்சுன்னு எதுக்குச் சொன்ன?"

"வச்சேன்தானே அக்கா" என்றாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி சொன்னாள். அடிக்கக் கை ஓங்கியதை அந்தத் தையல்காரி பிடித்துக்கொண்டாள்.

நான் வெளியே வந்து சத்தம் போட்டேன். மானம் மரியாதை பார்க்கவில்லை. வரிசை முழுவதும் வாசலுக்கு வந்தது. வந்து நின்று என்ன செய்தது? ஒவ்வொருவராக என் கண்ணைப் பார்க்காமல் பேசியது. டீக்கடைக்காரர் டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "நீங்க தீப்பெட்டி குடுத்தத நான் எனக்க கண்ணால கண்டேன் அக்கா. கண்டத கண்டேன்னுதான சொல்ல முடியும்?" என்றார். அவர் மலைக்குப் போனபோதெல்லாம் அவருடைய கரிபிடித்த விளக்கைப் புளிபோட்டுத் தேய்த்து ஏற்றியவள் நான். அரிசிக்கடைக்காரர் "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா" என்றார். செல்போன் கடைக்காரி, நேற்று முளைத்தவள், ஆமாம் போட்டாள்.

மருந்துக்கடைக்காரரிடம் போனேன். அவர் நியாயம் சொல்லுவார் என்று நம்பினேன். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. கடைய விட்டுட்டுப் போறவ இப்படியா குடுப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாத்தையும் ஆண்டவர் பாத்துக்கிடுவாரு அக்கா."

"ஆண்டவர் பாக்கது இருக்கட்டும். நீரு என்னத்தப் பாத்தீரு? செவர இடிக்கும்போ சத்தம் கேக்கலியா? ஒரு போன் போட வெரலு வரலியா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். மற்றவர்களும் குனிந்தார்கள். அதுதான் எனக்கு உறைத்தது. ஒருவருக்குச் சண்டைக்குப் பயம், இன்னொருவருக்கு அவள்மேல் பாசம் என்றால் புரியும். மொத்தத் தெருவும் ஒரே மாதிரித் தலையைக் குனிந்தால்? என்னமோ இருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாத என்னமோ.

அவள் என் பின்னாலேயே வந்து நின்றாள். அழுதுகொண்டிருந்தாள். "நானா கேக்கல அக்கா. எம் பிள்ளையள் மேல சத்தியமா நானா வாயெடுத்துக் கேக்கல. அத்தான்ட்ட கேளுங்க."

"எந்த அத்தான்ட்ட?"

"நம்ம அத்தான்ட்டதான்."

பொய் சொல்லுகிறாள் என்றுதான் நினைத்தேன். படுத்த படுக்கையாகக் கிடந்த மனுஷன்மேல் பழிபோட எப்படி மனசு வருகிறது இவளுக்கு என்று நினைத்தேன். அங்கேயே நின்று காரியஸ்தருக்குப் போன் போட்டேன். தெரு கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவர் இதமாகத்தான் பேசினார். "நான் சும்மா மாத்திக் குடுப்பனா? தீப்பெட்டி குடுத்தாச்சுன்னு அந்தப் பிள்ள சொல்லிச்சு. இருந்தாலும் உங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டேன். 'அவ அறிஞ்சுதான் குடுத்தா, இனி கடைக்கு வரமாட்டா, அந்தப் பிள்ளைக்கே இருக்கட்டும்'னு அவருதான சொன்னாரு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

ஸ்பீக்கரில் கேட்ட தெருவில் ஒரு முகம்கூட ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் முன்னமே தெரிந்திருக்கிறது. மீன்காரி ஒருத்தி மட்டும் எழுந்து வந்து, "இருந்து வெள்ளம் குடிச்சிட்டுப் போ பிள்ள" என்று பாட்டிலை நீட்டினாள். குடிக்கவில்லை. வாங்கினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது, அவர்கள் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. ஆட்டோவும் பிடிக்காமல் வெயிலில் வீடுவரைக்கும் நடந்தேன்.

இன்றைக்கும் நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. பஸ்ஸுக்குப் போக வேண்டுமென்றால் குளத்தைச் சுற்றிப் போகிறேன். வீட்டில் கிடந்த பழைய மிஷினில் நாலு பிளவுஸ் தைக்கிறேன், அறிந்தவர்கள் தேடி வருகிறார்கள். அது வேறு, கடை வேறு. கடையில் நான் யாருடைய பெண்டாட்டியும் இல்லை, யாருடைய அம்மாவும் இல்லை. 'டைலரக்கா' என்று கூப்பிட்டால் எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பேன். ஒரு கழுத்தை எப்படி வெட்டவேண்டும் என்பதற்கு என் சொல்தான் கடைசிச் சொல். வீட்டில் மிஷின் மிதித்தால் நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அவர் முன்முறியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். பேப்பரை மடித்து மடியில் வைத்தார். என்ன நடந்தது, எதற்கு இத்தனை சீக்கிரம் வந்துவிட்டாய் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டும்.

"காரியஸ்தர்ட்ட என்ன சொன்னிய?"

அவர் சன்னலைப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கு எடம் போதலன்னு சொல்லிட்டு இருந்தா. ஒனக்கும் வயசாகுதில்லா?"

"எனக்க வயச நான் உங்கள்ட்ட கேட்டனா? தீப்பெட்டி தெரியாம கைமாறிப் போச்சுன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா போதுமே. என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த நிமிஷமே ஓடிப்போய் வாங்கியிருப்பனே. இந்தக் கையால உங்களுக்கு ஊட்டிக்கிட்டு இருந்தேன். அந்தி அந்திக்கு அவ போன் பண்ணும்போ பக்கத்துலதான் கெடந்திய. கேட்டுக்கிட்டுத்தான் கெடந்திய. நான் சந்தோஷமா இருக்கத கண்ணால பாத்துக்கிட்டே கெடந்திய. எப்படி மனசு வந்தது உங்களுக்கு?"

அவருக்கு உணர்ச்சி வந்தால் இன்னும் நாக்கு குழறும். மெல்லத்தான் பேசினார். "கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெளியாள் முதுகில் குத்தினால் திரும்பி நின்று சண்டை போடலாம். அவளைத் திட்டினேன், தெருவைத் திட்டினேன், அதற்கெல்லாம் வாய் வந்தது. இந்த மனுஷனைத் தூக்கி நிறுத்தியதில் என் இடுப்பு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அவரைவிட்டு நகரக்கூடாது என்று நான் கடையை மறந்து கிடந்த அந்த நாட்களில்தான், அவர் என் கடையை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறார்.

"ஏன்?" என்றேன். "அதையாவது சொல்லுங்க. நான் உங்களுக்கு என்ன கொற வச்சேன்?"

"நீ கொறயொண்ணும் வைக்கல." கம்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நீ காலத்த போயிட்டு அந்திக்கு வருவ. நான் விழுந்து கெடந்தா?"

"ஒரு ஆள வச்சிருக்கலாம். மதியத்துக்கு நான் வந்திருப்பேன். இதுக்கு ஆயிரம் வழி இருக்கு."

"ஆளு வேண்டாம்" என்றார். "எனக்கு நீதான் வேணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. எத்தனை நாள் அதற்காகக் காத்திருந்திருக்கிறேன், கல்யாணமான புதிதில், மகள் பிறந்தபோது, டூட்டி முடிந்து அவர் வருவாரென்று சோற்றை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில்! ஒரு தடவை சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் போதுமென்று இருந்தவள் நான். அதை இப்போதா சொல்லவேண்டும், என் கடையைக் கொடுத்துவிட்டா சொல்லவேண்டும்?

"எனக்குக் கடைதான் வேணும்" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். உதடு ஒரு பக்கமாகக் கோணியது, கண் நிறைந்தது. பார்த்துக்கொண்டேதான் நின்றேன். சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.